வருடம் கூடினால் வளர்ச்சியும் கூடுமா? வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையில் எப்படி முன்னேறுவது என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி, பாதி பதில்கள் ஒன்றுபோலவே இருப்பது தெரிந்தது. அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன். சில பதில்கள் நீளம், சில இரண்டு வரிதான். கேள்வி எவ்வளவு தாங்குமோ அவ்வளவு.

எனக்குப் பத்து வருட அனுபவம். எனக்குப் பின்னால் சேர்ந்தவர் எனக்கு மேலே போய்விட்டார். எங்கே இடிக்கிறது?

அவருக்கு மேலிடத்தில் ஆள் இருக்கலாம். அப்படியும் நடக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காரணத்தைக் கடைசியாக எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதை வைத்து உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வேலையில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் பேரேட்டையும் ஒத்துப் பார்க்கிறார்கள், வித்தியாசம் வந்தால் தேடிப் பிடித்துச் சரிசெய்கிறார்கள், இரவு பத்து மணி வரை உட்கார்கிறார்கள். ஒருவர் அதோடு வீட்டுக்குப் போகிறார். இன்னொருவர் போவதற்கு முன்னால், இன்று வந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று ஒரு ஷீட்டில் ஒரு வரி எழுதி வைக்கிறார். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் முக்கால்வாசி வித்தியாசம் ஒரே கிளையிலிருந்து வருகிறது, அங்கே பில்களைத் தாமதமாகப் பதிகிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து 25ஆம் தேதியே அந்தக் கிளைக்கு ஒரு போன் போடுகிறார். இப்போது ஏழு மணிக்குக் கிளம்பிவிடுகிறார். ரெஸ்யூமேயில் இருவருக்கும் அனுபவம் ஒன்றுதான்.

மருத்துவத்திலேயே இந்தக் கதை உண்டு. 2005-ல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில், 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. மருத்துவருக்குப் பணியாண்டு ஏற ஏறச் சிகிச்சையின் தரமும் ஏறும் என்றுதானே நினைப்போம்? பாதிக்கு மேற்பட்ட ஆய்வுகள், ஆண்டு ஏற ஏறத் தரம் இறங்குவதைத்தான் காட்டின. படித்து வெளியே வந்தபோது கையில் இருந்த முறையோடு நின்றுவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

டேனியல் கானமன், கேரி க்ளைன் என்று இரண்டு உளவியலாளர்கள். அனுபவசாலியின் உள்ளுணர்வை நம்பலாமா என்பதில் எதிரெதிர் அணியில் இருந்தவர்கள். 2009-ல் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒத்துப்போன நிபந்தனைகள் இரண்டு: வேலையில் ஏதோ ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும், செய்ததன் விளைவு செய்தவருக்குத் திரும்பத் தெரிந்து அவர் அதைக் கற்றுக்கொள்ள வாய்ப்பு இருக்க வேண்டும். பெரும்பாலான ஆபீஸ்களில் காணாமல் போவது இந்த இரண்டாவதுதான். ஒரு திட்டத்தை எழுதிக் கொடுக்கிறோம், அது வேறு டீமுக்குப் போகிறது, ஆறு மாதத்தில் அது என்ன ஆனது என்று நமக்குத் தெரிவதே இல்லை. கீழே எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் நான் சுற்றிச் சுற்றி இங்கேதான் வருவேன்: நீங்கள் எடுத்த முடிவு என்ன ஆனது என்று தேடிப்போய்ப் பாருங்கள்.

சரி, தினப்படி வேலையைப் பாடமாக மாற்ற என்னதான் செய்ய வேண்டும்?

ஒரு நோட்டு போதும். போனில் எழுதினாலும் சரி. முக்கியமான வேலை ஒன்றைத் தொடங்கும்போது, எத்தனை நாளில் முடியும், எங்கே சிக்கும் என்று உங்கள் ஊகத்தை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். இந்த "முன்கூட்டியே" ரொம்ப முக்கியம். முடிந்த பிறகு யோசித்தால், "இது இப்படித்தான் ஆகும் என்று எனக்கு அப்போதே தெரியும்" என்று மனசு நம்மை ஏமாற்றிவிடும்.

முடிந்த பிறகு நான்கு கேள்வி. என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை எதை மாற்றுவோம். இது 1970களில் அமெரிக்க ராணுவம் பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்த முறை. பிறகு மருத்துவமனை, தொழிற்சாலை என்று எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது. இப்படி முடிந்ததும் உட்கார்ந்து பேசும் பழக்கத்தைப் பற்றிய ஆய்வுகளை 2013-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, செயல்திறன் சராசரியாக 20 முதல் 25 சதவீதம் கூடியது தெரிந்தது. செலவே இல்லாத ஒரு விஷயத்துக்கு இது பெரிய எண்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். "இனிமேல் கவனமாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் நீங்கள் எதையும் எழுதவில்லை. ஒரு உதாரணம்: பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்குத் தகவல் மாற்றும் வேலை, மூன்று நாள் என்று நினைத்தீர்கள், ஒன்பது நாள் ஆனது. மாற்றும் வேலைக்கு மூன்று நாள்தான் பிடித்தது, மீதி ஆறு நாள் இன்னொரு டிபார்ட்மென்ட்டின் அனுமதிக்காகக் காத்திருந்தது. அப்படியென்றால் எழுத வேண்டிய வரி இது: "அனுமதி மெயிலை முதல் நாள் காலையிலேயே அனுப்பு, பதில் வராவிட்டால் இரண்டாம் நாள் நேரில் போ." அடுத்த முறை அப்படியே எடுத்துச் செய்ய முடிகிற அளவுக்கு இருக்க வேண்டும்.

வாரம் ஒரு தடவை, பதினைந்து நிமிடம் போதும். தினமும் எழுதப்போகிறேன் என்று கிளம்புபவர்கள் பொதுவாக இரண்டாவது வாரமே நிறுத்திவிடுகிறார்கள்.

பத்தாயிரம் மணி நேரம் ஒரு வேலையைச் செய்தால் அதில் நிபுணராகிவிடலாம் என்கிறார்களே?

அந்த எண் வந்த இடம் வேறு. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு அது. பெர்லினில் இசை பயின்ற வயலின் மாணவர்களைப் பார்த்தார்கள். மிகச் சிறந்த குழு 20 வயதுக்குள் தனியாகச் செய்த பயிற்சியின் சராசரி பத்தாயிரம் மணி நேரத்தைத் தொட்டது. சராசரிதான், அந்தக் குழுவிலேயே பாதிப் பேர் அந்த எண்ணை எட்டவில்லை என்று எரிக்சனே பின்னால் விளக்கினார். அதைவிட முக்கியம், அவர் எண்ணியது பயிற்சியை. வராத இடத்தை மட்டும் எடுத்து, மெதுவாக, திரும்பத் திரும்ப வாசிப்பது. மேடையில் வாசித்த நேரம் அதில் சேராது. நாம் ஆபீஸில் செய்வது முக்கால்வாசி மேடைக் கச்சேரிதான்.

நன்றாக வேலை செய்தால் பதவி உயர்வு தானாக வராதா? போய்க் கேட்க வேண்டுமா?

வராது. கேட்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முடிவு எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் இது புரியும். நீங்கள் இல்லாத ஒரு அறையில் நாலைந்து மேனேஜர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டியல். உங்கள் பெயர் வரும்போது உங்கள் மேனேஜர் பேச இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். "நல்ல பையன், கடுமையாக உழைப்பான்" என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள், ஏனென்றால் அந்தப் பட்டியலில் இருக்கும் எல்லோரும் கடுமையாக உழைப்பவர்கள்தான். "வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் போக நான்கு நாள் ஆகிக்கொண்டிருந்தது, இவர் வந்த பிறகு ஒரே நாளில் போகிறது, அந்த முறையை இன்னும் இரண்டு டீம் எடுத்துக்கொண்டது" என்று சொன்னால் யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த வாக்கியத்தை உங்கள் மேனேஜரே கண்டுபிடித்துச் சொல்வார் என்று நம்பாதீர்கள். அவருக்குப் பத்துப் பேர், அவர் தலையில் ஆயிரம் பிரச்சினை. நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாதக் கடைசியில் ஒரு சின்ன மெயில் போதும்: என்ன முடிந்தது, அதனால் என்ன மாறியது, அடுத்து என்ன. இது தற்பெருமை ஆகாதா என்று கேட்பார்கள். "நான் சிறப்பாகச் செய்தேன்" என்றால் தற்பெருமை. "நான்கு நாள் ஒரு நாளானது" என்பது தகவல்.

நாசாவில் கணித வேலை செய்த கேத்ரின் ஜான்சனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண்கள் போகாத மீட்டிங்குகளுக்குத் தன்னையும் விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார், கடைசியில் விட்டார்கள். 1960-ல் வெளியான ஓர் ஆய்வறிக்கையில் அவர் பெயரும் ஆசிரியராக அச்சானது. அவருடைய பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. கணக்கில் அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது அதற்கு முன்னாலேயே எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கேட்க வேண்டியிருந்தது.

என் வேலையை சீனியர் தன் வேலை மாதிரிக் காட்டிக்கொள்கிறார். என்ன செய்வது?

ஒரு தடவை என்றால் விட்டுவிடுங்கள், மறந்திருக்கலாம். தொடர்ந்து நடந்தால் சண்டைக்குப் போவதற்கு முன்னால் வேலை போகும் வழியை மாற்றுங்கள். வரைவை அவரிடம் மட்டும் கொடுக்காமல் டீம் முழுக்கப் பார்க்கும் இடத்தில் போடுங்கள். மீட்டிங்கில் "அந்தப் பகுதியை நான் செய்ததால் நானே விளக்கிவிடுகிறேன்" என்று சிரித்த முகத்தோடு எழுந்து நில்லுங்கள். இதற்குப் பிறகும் தொடர்ந்தால் அவரிடமே நேராகச் சொல்லலாம். மேலே போய்ப் புகார் சொல்வது கடைசி வழி, அதற்குள் தேதியோடு மெயில்கள் கையில் இருக்க வேண்டும்.

செய்யும் வேலை எனக்குப் பிடிக்கும். மேனேஜர் ஆனால்தான் வளர்ச்சியா?

நிறையப் பேர் மேனேஜர் பதவியைப் பரிசாக நினைக்கிறார்கள். அது ஒரு வேலை மாற்றம், அவ்வளவுதான். நேற்று வரை நீங்களே ஒன்றைச் செய்து முடித்து, மாலையில் "முடித்தேன்" என்று எழுந்தீர்கள். நாளையிலிருந்து மற்றவர்கள் செய்து முடிக்கிறார்கள், உங்கள் நாள் மீட்டிங்காகவும், சமாதானப் பேச்சாகவும், யாரோ எடுக்கும் லீவாகவும் போகிறது. அந்த "முடித்தேன்" கிடைக்க மாதங்கள் ஆகும், சில சமயம் கிடைக்கவே கிடைக்காது. இதைத் தாங்க முடியாமல் ராத்திரி உட்கார்ந்து டீமின் வேலையைத் தானே திருத்தும் மேனேஜர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.

திறமைசாலியை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் அவரால் முடியாத படியில் நிறுத்திவிடுவார்கள் என்று 1969-ல் லாரன்ஸ் பீட்டர் என்பவர் பாதி வேடிக்கையாக எழுதினார். பீட்டர் விதி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. வேடிக்கைதானே என்று விட்டிருக்கலாம், ஆனால் 2019-ல் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க நிறுவனங்களின் விற்பனை ஊழியர்கள் பற்றிய தகவலை எடுத்துச் சரிபார்த்தார்கள். அதிகம் விற்றவர்களுக்குத்தான் மேனேஜர் பதவி அதிகம் கிடைத்தது. அப்படி வந்தவர்களின் டீம்கள்தான் மோசமாகச் செய்தன. மற்றவர்களோடு சேர்ந்து விற்றுப் பழகியவர்கள் மேனேஜராக நன்றாக வந்தார்கள், ஆனால் தேர்ந்தெடுக்கும்போது அதை யாரும் அவ்வளவாகப் பார்க்கவில்லை.

அதனால் சம்மதிக்கும் முன்னால் தொட்டுப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவரை மூன்று மாதம் உங்கள் பொறுப்பில் விடச் சொல்லுங்கள். மேனேஜர் லீவில் போகும் வாரம் அவர் இடத்தில் இருந்து பாருங்கள். அந்தப் புதியவர் முதல் முறையாகத் தனியாக ஒன்றைச் செய்து முடித்த அன்று உங்களுக்கு மகிழ்ச்சி வந்ததா, இல்லை "நானே செய்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும்" என்று தோன்றியதா? பதில் அதில் இருக்கிறது. சில நிறுவனங்களில் ஆட்களை நிர்வகிக்காமலே மூத்த நிபுணராக, சமமான சம்பளத்தில் ஏறிப்போக இன்னொரு வழியும் இருக்கும். உங்கள் இடத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்பதையும் சேர்த்து விசாரியுங்கள்: அந்த வழியில் உண்மையிலேயே மேலே போனவர் ஒருவர் பெயரைச் சொல்லச் சொன்னால் தெரிந்துவிடும்.

ஃபீட்பேக் கேட்டால் "எல்லாம் நன்றாகத்தான் போகிறது" என்கிறார்கள். இதை வைத்து என்ன செய்ய?

கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகத்தான் வரும். "நான் எப்படிச் செய்கிறேன்?" என்று கேட்டால், உங்கள் மனசைப் புண்படுத்தாமல் இருப்பதுதான் எதிரில் இருப்பவரின் முதல் கவலை. "நேற்று அனுப்பிய அறிக்கையில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே விரல் ஓர் இடத்தைக் காட்டும்.

ஃபீட்பேக் என்றாலே நல்லது என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியில்லை. 1996-ல் க்ளூகர், டினிசி என்ற இருவர், அதுவரை நடந்த ஆய்வுகளை வாரி எடுத்துச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பலன் இருந்தது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஃபீட்பேக்குக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது பலன் போய்விடுகிறது என்பது அவர்கள் விளக்கம். "உனக்குப் பொறுப்பு போதாது" என்று யாராவது சொன்னால், சண்டை போடாமல் "எந்த வேலையில் அப்படித் தோன்றியது?" என்று திருப்பிக் கேளுங்கள். பேச்சைத் திரும்ப வேலைக்கே இழுத்து வருவது கேட்பவர் கையிலும் இருக்கிறது.

பெரிய தப்பு செய்துவிட்டேன். இன்னும் யாருக்கும் தெரியாது. சொல்லலாமா?

சொல்லுங்கள், இன்றைக்கே. நாளைக்கு அதே செய்தி இரண்டு செய்தியாகிவிடும்: ஒன்று தப்பு, இன்னொன்று மறைத்தது. முதலாவதை மன்னிப்பவர்கள்கூட இரண்டாவதை மன்னிப்பதில்லை.

எப்படிச் சொல்வது என்பதில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள், அரைப் பக்கம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விஷயத்தைக் கடைசி வரியில் வைக்கிறார்கள். இப்படி எழுதலாம்: "இன்று காலை அனுப்பிய விலைப்பட்டியலில் பழைய விலை போய்விட்டது. 40 வாடிக்கையாளர்களுக்குப் போயிருக்கிறது. மேற்கொண்டு போகாமல் நிறுத்திவிட்டேன். திருத்திய பட்டியல் தயார், உங்கள் ஒப்புதல் வந்தால் பத்து நிமிடத்தில் அனுப்புகிறேன். எப்படி நடந்தது என்று மாலைக்குள் எழுதுகிறேன்." என்ன நடந்தது, எவ்வளவு தூரம் பரவியது, இப்போது என்ன நிலை, என்ன முடிவு வேண்டும். ஒரு மன்னிப்பு வார்த்தை போதும், அதுவும் கடைசியில்.

விமானத் துறையைப் பாருங்கள். 1976 முதல் அமெரிக்காவில் நாசா நடத்தும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. விமானிகள் தங்கள் தவறுகளையும், தப்பிப் பிழைத்த சம்பவங்களையும் பெயர் வெளியே வராமல் எழுதி அனுப்பலாம். தண்டிக்கும் அதிகாரம் உள்ள அமைப்பிடம் நேரடியாக ஒப்புக்கொள்ள யாருக்கும் மனசு வராது என்று புரிந்துகொண்டுதான் நடுவில் நாசாவை வைத்தார்கள். மருத்துவமனைகளில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் பார்த்ததும் சுவாரஸ்யமானது. நல்ல டீம்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகம். அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, பயமில்லாமல் வெளியே சொன்னார்கள்.

நீங்கள் இருக்கும் இடத்தில், சொன்னவரை எல்லோர் முன்னாலும் வைத்து வாங்குகிறார்கள் என்றால், அதுவும் ஒரு தகவல்தான். அடுத்த வேலை தேடும்போது பயன்படும்.

மீட்டிங் குறிப்பு எடுப்பது, விழா ஏற்பாடு, புதியவர்களுக்கு ஆபீஸைச் சுற்றிக் காட்டுவது எல்லாம் என் தலையிலேயே விழுகிறது. மறுத்தால் கெட்ட பெயர் வருமா?

இந்த வேலைகள் எல்லாம் தேவைதான், ஆனால் அந்த அறையில் உங்கள் பெயர் வரும்போது யாரும் இவற்றைச் சொல்லப் போவதில்லை. பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகின்றன. 2017-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வந்த ஒரு பரிசோதனையில், ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில், யாரும் விரும்பாத வேலைக்குப் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் என்று குழுக்களைப் பிரித்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அதாவது இது குணம் சம்பந்தப்பட்டது இல்லை. யார் முன்வருவார் என்று எல்லோரும் யாரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மறுப்பதைவிட முறை போடச் சொல்வது எளிது. "இந்த மாதம் நான் எடுத்தேன், அடுத்த மாதம் யார்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதியை நீங்களே உடைக்காதீர்கள், அதுதான் கஷ்டம்.

எத்தனை வருடத்தில் கம்பெனி மாறுவது சரி?

வருடக் கணக்கில் விதி எதுவும் கிடையாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை, 1957-லிருந்து 1964-க்குள் பிறந்த ஒரு தலைமுறையைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறது. அவர்கள் 18 வயதிலிருந்து 56 வயதுக்குள் சராசரியாக 12.7 வேலை பார்த்திருக்கிறார்கள், அதில் பெரும்பகுதி இளவயதில். ஒரே இடத்தில் சேர்ந்து ஓய்வு பெற்றார்கள் என்று நாம் நினைக்கும் தலைமுறை அது.

என் அளவுகோல் வேறு. முதலில் சொன்ன நோட்டை எடுத்துப் பாருங்கள். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஊகம் ஒன்றுகூடத் தவறவில்லை என்றால், அங்கே உங்களுக்கு இனிமேல் கற்க அதிகம் இல்லை. இதைவிடப் பெரிய பொறுப்பு கேளுங்கள், கிடைக்காவிட்டால் கிளம்பலாம். அதே நேரம், ஒரு வேலையை ஆரம்பித்து அதன் விளைவு தெரியும் முன்பே மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தால் நிறைய ஆரம்பங்கள் மட்டும்தான் கையில் இருக்கும். எடுத்த முடிவு என்ன ஆனது என்று பார்க்கும் வரையாவது இருங்கள். ராஜினாமா கொடுத்ததும் சம்பளத்தை ஏற்றித் தருகிறேன் என்பார்கள். கிளம்பத் தூண்டிய காரணம் சம்பளம் மட்டும்தான் என்றால் யோசிக்கலாம், இல்லையென்றால் அந்தக் காரணம் அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும். ஹேண்டோவரை, அதாவது கையில் இருக்கும் வேலையை அடுத்தவரிடம் ஒப்படைப்பதை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டுப் போங்கள், ஏன் என்பது அடுத்த பதிலில்.

எனக்கு நெட்வொர்க்கிங் வராது, கூச்சம். வேலை கிடைக்க அது அவசியமா?

கூட்டத்தில் போய்ச் சிரித்துக் கைகொடுப்பதுதான் நெட்வொர்க்கிங் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்கள் எல்லாம் எப்போதாவது அல்லது அபூர்வமாகப் பார்ப்பவர்கள், பழைய சக ஊழியர், முன்னாள் முதலாளி மாதிரி. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும், தூரத்தில் இருப்பவருக்குத்தான் உங்களுக்குத் தெரியாதது தெரியும். 2022-ல் லிங்க்டின் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்து நடந்த சோதனையிலும் ஓரளவு தூரத்துத் தொடர்புகள்தான் வேலை மாற அதிகம் உதவின. ஹேண்டோவரை ஒழுங்காகச் செய்யச் சொன்னது இதனால்தான்.

ஆகவே கூச்சக்காரர் செய்ய வேண்டியது இவ்வளவே: முன்பு கூட வேலை பார்த்த ஒருவருக்கு எப்போதாவது இரண்டு வரி. "நீங்கள் அன்று போட்டுக் கொடுத்த செக்லிஸ்ட்டை இன்னும் பயன்படுத்துகிறேன்" என்று உண்மையாக ஏதாவது. வேலை தேடும்போது மட்டும் எழுதினால் அதன் வாசனை அவருக்குத் தெரிந்துவிடும்.

துறை மாற ஆசை. அந்தத் துறையில் அனுபவம் இல்லை, அதற்கான படிப்பும் இல்லை.

பின்னால் பெரிய விஞ்ஞானியான மைக்கேல் ஃபாரடே, முதலில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தவர். 1812-ல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார், விரிவாகக் குறிப்பெடுத்தார், அதைத் தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். உடனே வேலை கிடைக்கவில்லை. ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் அடிதடியில் இறங்கி வேலையை இழந்தார், 1813-ல் அந்த இடத்துக்கு ஃபாரடேயைக் கூப்பிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, "எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று அவர் கடிதம் மட்டும் எழுதவில்லை, ஆர்வத்தைத் தூக்கிப் பார்க்கக்கூடிய ஒரு பொருளாக அனுப்பினார். அதிலும் பழைய தொழிலின் கைவேலை இருந்தது. நீங்கள் போக விரும்பும் துறையின் வேலையில் சின்னதாக ஒன்றை இப்போதே செய்து காட்டுங்கள், இப்போதைய வேலையில் கற்றது அதில் தெரியட்டும். சான்றிதழ் படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதே சான்றிதழோடு இன்னும் நிறையப் பேர் வரிசையில் நிற்பார்கள்.

செயற்கை நுண்ணறிவு ஜூனியர் வேலைகளை எடுத்துக்கொண்டால் புதியவர்கள் எங்கே கற்பது?

நியாயமான பயம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாடிக்கையாளர் சேவையில் 5,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2023-ல் வெளியானது. உதவிக்கு அந்தக் கருவி இருந்தபோது வேலை சராசரியாக 14 சதவீதம் வேகமானது, புதியவர்களுக்கு மட்டும் பார்த்தால் 34 சதவீதம். அனுபவசாலிகளுக்குப் பெரிதாக எதுவும் மாறவில்லை. அவர்கள் அறிந்ததைத்தான் கருவி புதியவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

வேகமாகச் செய்வது வேறு, கற்பது வேறு என்பதுதான் என் கவலை. கருவியிடம் கேட்கும் முன் உங்கள் பதிலை ஒரு வரியாவது எழுதிவிடுங்கள். பிறகு அதன் பதிலோடு வைத்துப் பாருங்கள், எங்கே பிரிகிறது, யார் சரி, எப்படித் தெரியும். ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். முதல் சில வருடம் அந்த ஐந்து நிமிடத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நாற்பதைத் தாண்டியாயிற்று. இனிமேல் கற்று என்ன ஆகப்போகிறது?

இன்னும் இருபது வருடம் வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அதுதான் ஆகப்போகிறது.

சம்பள உயர்வை எப்போது, எப்படிக் கேட்பது?

அப்ரைசல் மீட்டிங்கில் கேட்டால் தாமதம். பெரும்பாலான இடங்களில் அந்த மீட்டிங்குக்கு முன்பே பணத்தைப் பிரித்துவிடுவார்கள், உங்களிடம் சொல்வது முடிவை மட்டும்தான். அதற்கு மூன்று, நான்கு மாதம் முன்னால், ஒரு வேலை நன்றாக முடிந்த வாரமாகப் பார்த்து, மேனேஜரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். வீட்டுச் செலவைக் காரணமாகச் சொல்லாதீர்கள், அது எல்லோருக்கும் இருக்கிறது. மாதாமாதம் அனுப்பிய மெயில்களிலிருந்து மூன்று விஷயத்தை எடுத்து வையுங்கள், வேண்டிய தொகையை எண்ணாகச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "முடியாது" என்றால், "அடுத்த சுற்றில் இது நடக்க நான் என்ன செய்து காட்ட வேண்டும்?" என்று கேட்டு, அவர் சொன்னதை அன்றே மெயிலில் எழுதி அவருக்கு அனுப்பி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த மெயிலுக்கே ரிப்ளை போட்டு அடுத்த பேச்சை ஆரம்பிக்கலாம்.